காலஞ்சென்றவர்கள் வரும் தெரு

பாரிமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஐகோர்ட்டின் சிவப்புச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பழக்கடை, பூட்டுக்கடை, பழைய கெடிகாரக் கடை என்று எல்லாவற்றையும் தோளால் ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்தால், வெள்ளைக்காரன் ஒருத்தன் பேரைச் சுமந்துகொண்டிருக்கும் ஒரு தெரு வரும்; அந்த வெள்ளைக்காரன் எந்தக் கப்பலில் வந்தான், என்ன விற்றான், எந்த ஜுரத்தில் செத்தான் என்று தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் கிடையாது, ஏனென்றால் அது கல்யாணக் கார்டு தெரு. மேலே பார்த்தால் தேக்கு உத்தரமும் வளைவு ஜன்னலும் சுவரில் முளைத்த அரசங்கன்றும். கீழே பார்த்தால் பிள்ளையார் போட்ட கார்டு, மயில் போட்ட கார்டு, திறந்தால் நாதஸ்வரம் ஊதுகிற கார்டு. தெருக்கோடியில் ஒரு பாட்டு ஹால். அந்தக் காலத்து வக்கீல்களும் துபாஷிகளும் சேர்ந்து கட்டியது, கச்சேரி, நாடகம், கண்டனக் கூட்டம் எல்லாம் பார்த்தது, கூரையில் ஒரு உத்தரம் இறங்கின பிறகு பூட்டிப் போட்டுவிட்டார்கள்.

நான் அந்தத் தெருவில் ரப்பர் ஸ்டாம்ப் கடை வைத்திருக்கிறேன். பேர் தெய்வசிகாமணி, ஆனால் ஸ்டாம்ப் மணி என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கும், அவ்வளவுதான் கடை. எனக்கு நேர் எதிரே, பன்னிரண்டு அடி தள்ளி, லத்தீப் பாயின் கார்டு கடை. அதன் வாசலை ஒட்டிப் போட்ட மேஜையில் முப்பது வருஷமாகப் புனிதவதி உட்கார்ந்திருக்கிறாள். அச்சடிப்பதற்கு முன்னால் வரும் புரூஃபில் தப்புத் திருத்துவது அவள் வேலை. இடது கை விரல் வீட்டுக்காரர்கள் எழுதிக் கொடுத்த காகிதத்தில் ஓடும், வலது கையில் சிவப்புப் பேனா புரூஃபில் ஓடும், இரண்டும் சேர்ந்தே ஓடும், இரண்டும் சேர்ந்தே நிற்கும். ஒருதரம் நான் கேட்டேன், "ஏம்மா, இத்தனை கல்யாணத்தைப் படிக்கிறியே, அலுக்கலையா?" அதற்கு அவள் சொன்னாள்: "படிச்சா தப்பு தெரியாதுண்ணா. அர்த்தம் பார்த்தா கண்ணு வழுக்கிடும். யார் பேரு, யார் கல்யாணம்னு பார்க்கவே கூடாது. எழுத்து எழுத்தா போய்க்கினே இருக்கணும்." அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள், அப்படிப் போனதால்தான் அவள் கை பட்ட கார்டில் தப்பு இருக்காது என்று திருவள்ளூரிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் ஜனம் தேடி வந்தது.

அவள் புருஷன் ஏகாம்பரம் ஹார்பரில் கிரேன் ஓட்டினவன். என் வயசுக்காரன், அதனால் மரியாதை இல்லாமல்தான் பேசிக்கொள்வோம். ஒன்பது வருஷத்துக்கு முந்தி, ஒரு புதன்கிழமை மத்தியானம், பழுப்புக் கட்டம் போட்ட சட்டையோடு அவன் வந்து பாய் கடைப் படியில் நின்றான். அவன் அந்த நேரத்துக்கு வருகிறவன் கிடையாது. புனிதவதி தலையைத் தூக்கவில்லை. நிழல் மேஜையில் விழுந்ததை வைத்தே ஆள் யாரென்று தெரிந்துகொண்டு, இடது கையை மட்டும் உயர்த்தி, "இருங்க, இந்தப் பக்கத்தை முடிச்சிட்டு வரேன்" என்றாள். அவன் கொஞ்ச நேரம் நின்றான். சட்டைப் பாக்கெட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டான். அப்புறம் போய்விட்டான். அவள் பக்கத்தை முடித்து, பேனாவை மூடி, டிபன் பாக்ஸோடு வெளியே வந்து, "அவரு எங்கண்ணா?" என்று கேட்டபோது, "இப்பத்தாம்மா போனான்" என்று நான் சொன்னேன். அவன் ஐகோர்ட்டுக்கு எதிர் பஸ் ஸ்டாப் வரைக்கும்தான் போயிருந்தான். அங்கே உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு கேள்விதான்: அவர் என்ன சொல்ல வந்தார்? நெஞ்சு வலிக்கிறது என்று சொல்ல வந்தாரா, பள்ளிக்கூடத்தில் இருந்த மகளைப் பற்றி ஏதாவதா, காலையில் சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்று சண்டை போட்டுக்கொண்டு போனாரே, அதற்குச் சமாதானம் பேசவா? அந்தப் பக்கத்தில் ஒரு தப்பும் இல்லையாம். அதையும் என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறாள்.

இது இப்படி இருக்க, இரண்டு வருஷத்துக்கு முந்தி, புனிதவதி டைபாய்டில் படுத்திருந்த ஒரு பத்து நாளில், கொண்டித்தோப்பு வீட்டுக் கல்யாணக் கார்டு ஒன்று தப்பாக அச்சாகிவிட்டது. பெண்ணின் அப்பா செத்துப் பதினோரு வருஷம். செத்தவர் பேருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடவேண்டும், அது எல்லாச் சாதியிலும் உள்ள வழக்கம். அந்த ஒரு வார்த்தை விடுபட்டுப் போய், அப்பா உயிரோடு இருந்து நாலு பேரைக் கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி ஐந்நூறு கார்டும் வந்துவிட்டது. பெண்ணின் தாய்மாமன் வந்து கத்தினார், லத்தீப் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார், திரும்ப அடித்துத் தருகிறேன் என்று கெஞ்சினார், இந்த ரகளையெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே வெள்ளை வேட்டி கட்டின ஒருவர் கையில் கிளாரினெட் பெட்டியோடு படியேறி வந்து, "கல்யாணம் எந்த மண்டபத்துலன்னு கார்டுல சரியா தெரியல, அடியில இந்தக் கடை அட்ரஸ் போட்டிருந்தது, அதான் இங்கேயே வந்துட்டேன்" என்றார். தாய்மாமன் பார்த்தார். "வாங்க மாமா" என்றார். வேறு என்ன சொல்வது?

பாய் டீ வரவழைத்தார். வந்தவர் சர்க்கரை கம்மியாகக் கேட்டார், செத்ததற்குக் காரணமே சர்க்கரைதான் என்பதால் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கல்யாணம் வரைக்கும் ஒன்பது நாள் இருந்தார். வீட்டில் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து எல்லாரும் அழுதுகொண்டே இருந்ததால் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை, சாயங்காலமானால் எங்கள் தெருவுக்கே வந்துவிடுவார். பாட்டு ஹால் வாட்ச்மேன் பூட்டைத் திறந்துவிட்டான். உத்தரம் இறங்கின மூலையை விட்டுத் தள்ளி ஒரு பிரம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர் கிளாரினெட் வாசித்தார், ஐகோர்ட் குமாஸ்தாக்கள் கேஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே நின்று கேட்டார்கள், மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையைத் தலையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்கள், மார்வாடி சேட்டுகள் கடையைச் சாத்திவிட்டு வந்து கேட்டார்கள், எனக்குச் சங்கீதம் சுட்டுப் போட்டாலும் வராது, நானும் கேட்டேன், கண்ணில் தண்ணி வந்தது, ஏன் வந்தது என்று கேட்காதீர்கள். கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும் முதல் பந்தியில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார். கை கழுவப் போனார். குழாய் திறந்தபடி இருந்தது, ஆள் இல்லை.

அதற்கப்புறம் தெரு சும்மா இருக்குமா? பேசின்பிரிட்ஜ், பெரம்பூர், காஞ்சிபுரம் என்று ஜனம் வரிசை கட்டியது. எங்க அப்பாவுக்கு அந்த வார்த்தையை விட்டுடுங்க, எங்க அம்மாவுக்கு விட்டுடுங்க, எங்க அண்ணனுக்கு விட்டுடுங்க. பாயும் விட்டுப் பார்த்தார். ஒருத்தரும் வரவில்லை. வேண்டுமென்று விட்டால் வருவதில்லை, தெரியாமல் விடுபட்டால்தான் வருகிறார்கள் என்று புரிய எங்களுக்கு ஆறு மாசம் ஆயிற்று. அதற்குள் புனிதவதி எழுந்து வந்து மேஜையில் உட்கார்ந்துவிட்டாள், தப்பும் நின்றுவிட்டது.

அப்புறம் பாருங்கள் கூத்தை. தப்பு வரட்டும் என்று ஜனம் அவளைக் குழப்ப ஆரம்பித்தது. ஒருத்தர் கோழிக் கிறுக்கலில் எழுதிக்கொண்டு வருவார். ஒருத்தி பால்குடிக் குழந்தையைக் கொண்டுவந்து மேஜைக்குப் பக்கத்திலேயே கிள்ளி அழவிடுவாள். வியாசர்பாடிக்காரர் ஒருவர் நாலு தவுல்காரர்களைக் கூட்டிவந்து படியிலேயே வாசிக்க வைத்தார். புனிதவதி தலையைத் தூக்கமாட்டாள். இடது கையை மட்டும் உயர்த்துவாள். சாயங்காலம் புரூஃப் வெளியே வரும், ஒவ்வொரு செத்தவர் பேருக்கு முன்னாலும் அவர் செத்தது சரியாகச் சொல்லப்பட்டிருக்கும், ஜனம் அவளைத் திட்டிக்கொண்டே கார்டை வாங்கிக்கொண்டு போகும். கவுன்சிலர் வந்து, திரும்பி வருகிறவர்களுக்கு வாக்காளர் பட்டியலில் இடம் உண்டா என்று விசாரித்தார். வக்கீல்கள் வழக்குப் போட்டார்கள், அது தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது. உயிரோடு இருப்பவர் பேருக்கு முன்னால் அந்த வார்த்தை தப்பாக விழுந்தால் என்ன ஆகும் என்று பாய் நடுங்கிக்கொண்டிருந்தார்; ஒருதரம் விழுந்தது, அந்த மனிதர் வந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு நன்றாகத்தான் இருக்கிறார். சாவுக்கு எங்கள் கார்டு தேவைப்படவில்லை, அது தானாகவே வந்துகொண்டுதான் இருக்கிறது.

இருந்தும், அவளையும் தாண்டி எப்போதாவது ஒன்று விடுபடும். புளியந்தோப்பில் ஒரு வீட்டுக்கு அப்படி ஒருவர் வந்தார், குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்தே காலத்தை ஓட்டினவர். அந்தம்மா அவரைப் பார்த்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை, வாசலில் ஸ்டூல் போட்டாள், காபி கொடுத்தாள், கல்யாணம் வரைக்கும் நாலு நாள் அவர் அந்த ஸ்டூலிலேயே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதுவும் ஒரு கணக்குத் தீர்ப்புதான் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

இன்னொருவர் வந்தார், அதைச் சொல்லியாக வேண்டும். அரக்கோணம் பக்கம், ரயில்வேயில் கேங்மேனாக இருந்து செத்தவர். கார்டு இன்னும் அச்சாகவில்லை, புரூஃப்தான் போட்டிருந்தது, அதற்கே வந்துவிட்டார். என் கடைத் திண்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, மகளுக்கு எத்தனை உயரம் இருக்கும் என்று கையால் காட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் எதிரே புனிதவதியின் பேனா அவர் பேருக்கு முன்னால் வந்து நின்று, விடுபட்ட வார்த்தையை எழுதிவிட்டது. என் பக்கத்தில் டீ கிளாஸ் பாதியோடு இருந்தது, தொட்டால் சுட்டது. புனிதவதிக்குத் தெரிந்ததும் இரண்டு நாள் சாப்பிடவில்லை. "கை போட்டுட்டுது பாய், நான் போடலை, கை போட்டுட்டுது" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பாய் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி அவள் முகத்துக்கு நேராக ஒட்டினார்: 'முதலில் வாசலைப் பார். பிறகு பேனா.' ஒரு மாசம் அதைப் பார்த்துப் பார்த்து நிமிர்ந்தாள். அப்புறம், சுவரில் ஒட்டின எல்லாவற்றையும் போல, அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

இப்படி இருக்கும்போதுதான் அவள் மகள் யாமினிக்குக் கல்யாணம் நிச்சயமானது. தை மாதம் முகூர்த்தம். தெரு முழுக்க ஒரே பேச்சு, சத்தமாக யாரும் பேசவில்லை, ஆனால் எல்லாருக்கும் அதே நினைப்பு: ஏகாம்பரத்தை வரவைக்க வேண்டும். புனிதவதி என்னிடம் வந்து நின்றாள். "அண்ணா, பந்தியில உட்கார வேணாம், பொண்ணைத் தாரை வார்க்க வேணாம், படியில வந்து நின்னா போதும். என்ன சொல்ல வந்தீங்கன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்றாள். அன்றைக்கு அவன் நின்றதை இந்தக் கண்ணால் பார்த்தவன் நான். 'டேய் ஏகாம்பரம், உள்ள போடா' என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. ஸ்டாம்புக்குப் பிடி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

பாயும் கம்ப்யூட்டரில் மேட்டர் அடிக்கிற அமலாவும் சேர்ந்து ரகசியமாக ஏற்பாடு செய்தார்கள். அமலா அந்த வார்த்தையை மறந்த மாதிரி விட்டு, புரூஃப் எடுத்து, மற்ற புரூஃபுகளுக்கு நடுவில் செருகி வைத்தாள். புனிதவதி அதைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தாள், வாசலைப் பார்த்தாள். படியில் வெயில்தான் இருந்தது. சாயங்காலம் கடை சாத்துகிற வரைக்கும் பேனாவைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி ஒருதரம் செய்தார்கள். பக்கத்துத் தெருப் பிரஸ்ஸில், விவரம் ஒன்றும் சொல்லாமல், அந்த வார்த்தை இல்லாமல் எழுதின காகிதத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தர் மனசில் அந்த எண்ணம் இருந்தால் போதும், வருவதில்லை. மூன்றாவது நாள் புனிதவதி எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"போதும் பாய். அவரு செத்தது எனக்கு மறக்காது. உங்களுக்கும் மறக்காது, இந்தத் தெருவுல யாருக்கும் மறக்காது. மறக்காதவங்க கையில தப்பு வராது" என்றாள்.

லத்தீப் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அல்லா பார்த்துக்குவான்மா" என்றார்.

"பார்த்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, யாமினியையே எழுதச் சொல்லி, காலஞ்சென்ற என்ற வார்த்தையையும் சேர்த்து நல்ல கையெழுத்தில் எழுதி வாங்கி, இருந்த காகிதக் கட்டோடு அதையும் போட்டாள். எப்போது முறை வருகிறதோ அப்போது அடிக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

மார்கழியில் ஊரில் கல்யாணம் கிடையாது, எங்கள் தெருவில் மூச்சுவிட நேரம் கிடையாது. அத்தனை தை முகூர்த்தமும் எங்கள் தலையில்தான் இறங்கும். அந்த நேரம் பார்த்து அமலாவின் தங்கைக்குப் பிரசவம், அவள் விடுப்பில் போய்விட்டாள், அவளுக்குப் பதிலாகச் சிவகாசியிலிருந்து ஞானதுரை என்று ஒருத்தர் வந்து உட்கார்ந்தார். ஊர் புதுசு, தெரு புதுசு, யார் யாருக்கு என்ன உறவு என்று ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லாத, தலைவலித் தைலம் தடவிக்கொண்டு வேலையே கண்ணாயிருந்த மனிதர். காகிதக் கட்டை மேலிருந்து கீழே அடித்துக்கொண்டே போனார். ஒரு வெள்ளிக்கிழமை பதினோரு மணி வாக்கில் பதினெட்டுப் புரூஃப் எடுத்து, அப்படியே கொண்டுவந்து புனிதவதி மேஜையில் வைத்துவிட்டு, மூக்கைச் சிந்தப் போனார்.

அவள் குனிந்து வேலையை ஆரம்பித்தாள். நான் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஹெட்மாஸ்டர் ஸ்டாம்ப் வெட்டிக்கொண்டிருந்தேன்.

பாரிமுனைப் பக்கத்திலிருந்து, மூட்டைக்கும் சைக்கிளுக்கும் நடுவில் ஒதுங்கி ஒதுங்கி, பழுப்புக் கட்டம் போட்ட சட்டையோடு ஏகாம்பரம் வந்துகொண்டிருந்தான்.

அவன் பாய் கடைப் படிக்குப் போகவில்லை, நேராக என் கடைக்கு முன்னால் வந்து நின்றான். ஒரு வயசும் கூடவில்லை. நான்தான் கிழவனாகியிருந்தேன். என் கையில் இருந்த கத்தி கீழே விழுந்தது, எழுந்து வாயைத் திறந்தேன்.

"ஷ்ஷ்" என்று அவன் விரலைத் தூக்கினான். "கத்தாதே மணி. வேலையா இருக்கா."

"டேய், உனக்காகத்தாண்டா ஒம்பது வருஷமா..." என்றேன். அவன் பக்கமாகக் குனிந்து கேட்டேன்: "அன்னிக்கு எதுக்குடா வந்தே? என்ன சொல்ல வந்தே? அதைக் கேட்டுக் கேட்டே அவ தேஞ்சு போயிட்டா."

ஏகாம்பரம் யோசித்தான். அவ்வளவு பெரிய கேள்வியா இது என்கிற மாதிரி என்னைப் பார்த்தான். "ஒண்ணும் சொல்ல வரலையே. ஷிஃப்ட் சீக்கிரம் முடிஞ்சுது. சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"அப்ப கூப்பிடறேன் இரு."

"வேணாம்டா. அந்தப் பக்கத்தை முடிக்கட்டும். நடுவுல கூப்பிட்டா அவளுக்குப் பிடிக்காது."

சொல்லிவிட்டு, தெருவைத் தாண்டிப் போய், பாய் கடைப் படியில், அன்றைக்கு நின்ற அதே படியில் நின்றான். அவன் நிழல் அவள் மேஜையில் விழுந்தது. நான் கத்தியிருக்கலாம், ஓடிப்போய் அவள் கையைப் பிடித்திருக்கலாம், பன்னிரண்டு அடிதானே. ஆனால் என் மனசுக்குள் ஒரே சந்தோஷம், வந்துவிட்டான், நின்றுவிட்டான், இதோ இப்போது நிமிர்வாள், புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் நான் யார் என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். இரண்டாவது தடவையும் நான் கூப்பிடவில்லை. இதை எழுதும்போதும் என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

புனிதவதி தலையைத் தூக்கவில்லை. நிழல் விழுந்ததும் இடது கையை உயர்த்தினாள், அது எத்தனையோ வருஷத்துக் கை. "இருங்க, இந்தப் பக்கத்தை முடிச்சிட்டு வரேன்" என்றாள். வந்தவர் யாரோ வாடிக்கைக்காரர் என்று நினைத்துச் சொன்னாள். வலது கை எழுத்து எழுத்தாகப் போய்க்கொண்டிருந்தது, ஓரிடத்தில் நின்றது, அந்த இடத்தில் வார்த்தை விடுபட்டதைக் காட்டும் ஒரு கூர்க்குறி போட்டது, ஓரத்துக்குப் போய் அந்த வார்த்தையை அழகாக எழுதியது. படியில் நின்றவன் சிரித்துக்கொண்டே அவள் வகிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டைப் பாக்கெட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டான்.

மேஜையில் வெயில் விழுந்தது.

அவள் பக்கத்தை முடித்தாள், பேனாவை மூடினாள், "சொல்லுங்க" என்று நிமிர்ந்தாள். படியைப் பார்த்தாள். எதிரே அழுதுகொண்டு நிற்கும் என்னைப் பார்த்தாள். குனிந்து, கையில் இருந்த புரூஃபில் மகள் பேரையும், அதற்குக் கீழே தன் பேரையும், தன் பேருக்குப் பக்கத்தில் இருந்த பேரையும், ஓரத்தில் ஈரம் காயாத சிவப்பு மையையும் முதல் தடவையாகப் படித்தாள். அவள் போட்ட சத்தத்தில் தெருவே வந்துவிட்டது. அந்த வார்த்தையை அடித்தாள், கிழித்தாள், எச்சில் தொட்டு அழித்தாள், அழிக்க அழிக்க அவளுக்கே தெரிந்தது, இனி அது தெரிந்து செய்வது, தெரிந்து செய்தால் வரமாட்டார்கள். ஞானதுரை ஓரமாக நின்று, "அக்கா, நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு நான் போய் அவள் எதிரே உட்கார்ந்தேன். அவன் சொன்னதைச் சொன்னேன். ஒன்றும் சொல்ல வரவில்லையாம், சும்மா உன்னைப் பார்க்க வந்தானாம், அன்றைக்கும் அதற்குத்தானாம்.

"எவ்வளவு நேரம் நின்னாருண்ணா?"

"நீ பக்கத்தை முடிக்கிற வரைக்கும்."

"பார்த்தாரா?"

"பார்த்தான்மா. கண்ணெடுக்காம பார்த்தான்."

"நான்தான் பார்க்கலை" என்றாள்.

தையில் யாமினி கல்யாணம் வண்ணாரப்பேட்டையில் நடந்தது. கார்டில் ஒரு தப்பும் இல்லை. நான் பந்தியில் உட்காராமல் கை கழுவுகிற குழாய்ப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தேன், வீண்தான்.

அதற்கப்புறம் புனிதவதி வேலையை விட்டுவிடுவாள் என்று நினைத்தோம். விடவில்லை. மறு வாரமே வந்து உட்கார்ந்தாள், இடது கை விரல் காகிதத்தில், வலது கையில் சிவப்புப் பேனா. ஆனால் இப்போது வாசலில் நிழல் விழுந்தால் நிமிர்ந்துவிடுகிறாள். யார் நிழல் என்றில்லை. மூட்டைக்காரர் தாண்டினாலும் நிமிர்கிறாள், நாய் தாண்டினாலும் நிமிர்கிறாள், ஒரு மேகம் போனாலும் நிமிர்கிறாள். எங்கள் தெருவில் நிழலுக்கா பஞ்சம், ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை நிமிர்கிறாள். நிமிர்ந்து குனிவதற்குள் விரல் ஒரு வரி தள்ளிப் போயிருக்கும், பேனா ஒரு வார்த்தை தாண்டியிருக்கும்.

அதனால் முப்பது வருஷத்தில் இல்லாதபடி எங்கள் கார்டுகளில் தப்பு வருகிறது, யாரும் நினைத்துச் செய்யாத தப்பு. போன முகூர்த்தத்துக்கு மட்டும் பதினேழு பேர் வந்தார்கள். பாட்டு ஹாலில் நாற்காலி பற்றவில்லை, சேட்டுகள் புதுசாக வாங்கிப் போட்டார்கள், சாயங்காலமானால் அங்கே பாட்டும் பேச்சும் இருமலுமாகக் கலகலவென்று இருக்கிறது, திருத்தணிப் பெண் ஒருத்தி இறந்துபோன தன் அம்மா மடியில் தலை வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தூங்கினாள். ஜனம் புனிதவதியை இப்போது திட்டுவதில்லை. பூ வாங்கி வந்து கொடுக்கிறார்கள், சிலபேர் காலில் விழுகிறார்கள், அவள் கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொள்கிறாள்.

வருகிறவர்கள் கார்டின் அடியில் இருக்கும் அட்ரஸைப் பார்த்துத்தான் வருவார்கள், அதனால் முதலில் அவள் படியில்தான் நிற்பார்கள். நேற்று மத்தியானம் ஒருவர் வந்தார், கையில் குடை, காலில் டயர் செருப்பு. நிழல் விழுந்தது. புனிதவதி சட்டென்று நிமிர்ந்தாள், அவர் முகத்தையும் சட்டையையும் பார்த்தாள்.

"வாங்கய்யா" என்றாள். "உட்காருங்க. யார் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தீங்க?"